ஒரு சுருதி கூட

கிண்ணியாப் பழைய இரும்புக் கடையில்
றிஸ்மி கிலோக் கணக்கில் வாங்கி வந்தது:
இரண்டு தராசுத் தட்டு, நாக்கில்லாத ஒரு மணி,
பாட்டே இல்லாத ஒரு றெக்கோட்.
ஏதோ கப்பலின் ஒலிபெருக்கியைச் சோதிக்க
எவரோ அச்சடித்தது.
ஒரு பக்கம் முழுக்க, பதினெட்டு நிமிடம்,
ஒரே ஒரு 'ஊ'.

இதை என்ன செய்ய என்றான்.
எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

கலியாண வீடுகளில் நானும் கீறியிருக்கிறேன்,
கிறீச் கிறீச்சென்று, பெடியள் விசிலடிக்க.
இது வேறு.
இடக்கை விரல் தட்டின் விளிம்பில்,
வலக்கை ஃபேடரில்.
அழுத்தினால் தாழும், தளர்த்தினால் ஏறும்.
வேகம்தான் சுரம், வேறு மர்மம் இல்லை
என்றுதான் இருந்தேன்,
முப்பத்துமூன்றில் ஓடியதை 'ச' என்று வைத்து
நாற்பத்தைந்துக்குப் பொத்தானைத் தட்டும்வரை.

'ம' வந்தது.
வந்ததா?

"இல்லை" என்றாள் அபிதாரணி,
வயலினின் தலை அவள் குதிக்காலில்.
"உன்ர 'ம' ஒரு சுருதி கூட."
குறை சொல்லும் குரல் இல்லை;
மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கும்போது
அவளுக்கு வரும் குரல்.

கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டோம்.
அவளுடையது மூன்றுக்கு நாலு.
என்னுடையது இருபதுக்கு இருபத்தேழு.
நடுவில் கிடந்தது
எண்பதுக்கு எண்பத்தொன்று:
டச்சுக் குடாவில்
காய்ந்த மணல் என்று நம்பி வைத்த செருப்பை
நனைத்துவிட்டுப் போகுமே,
அந்த மிச்ச அலை.

வேகத்தைக் குறைக்கலாம், அதற்கென்று ஒரு நெம்பு இருக்கிறது.
கை வைத்தேன்.
"விடு" என்று
தன் விரலை மயிரளவு மேலே நகர்த்தினாள்.
இரண்டு ஒலியும் நெளிந்தன, நெளிந்து
நின்றன.
றிஸ்மி தேத்தண்ணியைக் கீழே வைத்தான்.

உவர்மலை மேல்மாடி, ஞாயிறு பின்னேரம்.
மதிலோரம் ஒரு மான் பொலித்தின் பையைக் கிழித்துக்கொண்டிருந்தது.
அப்போதுதான் கரண்ட் போனது.

பெருக்கி றிஸ்மியின் ஓட்டோ பற்றரியில்;
தட்டு மட்டும் சுவர் மின்சாரத்தில்.
ஆகவே ஒலி அணையவில்லை,
விழுந்தது.
'ம'வில் இருந்து 'க', 'ரி' என்று படியாக இல்லை,
படிக்கும் படிக்கும் நடுவே உள்ளதையெல்லாம் தொட்டு,
துறைமுகத்தின் அடிமட்டும்.
அவளும் கூடவே வழுக்கி இறங்கினாள்,
வில்லை எடுக்காமல்.

நிற்கப்போன தட்டில் விரலை வைத்துத் தள்ளினேன்.
ஏறியது.
பின்னுக்கு இழுத்தேன், அதுவும் பாடியது.
ஒரே ஒலிக்கு
முன் எது, பின் எது.
அரை மணி நேரம் நான்தான் மோட்டர்.
என் கை நடுங்கிய இடமெல்லாம்
கமகம் என்றாள்,
பாதி பொய்.

பிறகு விளக்கு எரிந்தது,
கீழ்வீட்டு ரீவி கத்தியது,
மோட்டர் என் விரலைப் பிடுங்கி
நாற்பத்தைந்துக்கு ஓடியது, துல்லியமாக.

அபிதாரணி எழும்பிப் போய்
பிளக்கைக் கழற்றினாள்.