தொண்ணூற்றொன்பது

பீட்டர்மாரிட்ஸ்பர்க். ஜூலைக் குளிர்.
மின்வெட்டுக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
மடிக்கணினியின் சூட்டில் விரல் காய்ந்தபடி
எண்பத்தொன்பதாம் ஆண்டைத் தாளிலிருந்து
கட்டங்களுக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

நாளிதழ் நறுக்கு ஒன்றுக்கு ஒரு நிரை.
நிரல்கள் நாற்பத்திரண்டு.
இடம். நாள். ஆயுதம். இலக்கின் வகை.
இறந்தோர், ஆகக் குறைந்தது.
இறந்தோர், ஆகக் கூடியது.
இரண்டுக்கும் நடுவில் கிடப்பவர்களைப் பற்றிக்
கையேட்டில் ஒன்றும் இல்லை.
பத்தொன்பதாம் நிரல்: செய்தவர்.
தெரியாவிட்டால் 99.

ஒரே நறுக்கை இருவர் படிக்க வேண்டும்,
ஒருவர் இட்டதை மற்றவர் பாராமல்.
அதுதான் முறை. சுவரைப் பார்த்தபடி நான்,
சன்னலைப் பார்த்தபடி நொக்வாசி ம்கீசே.
நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா.
நறுக்குகளில் பழம் பசையின் நாற்றம்.
எரிந்த பேருந்து ஒன்றின் முதுகில்
குளிர்பெட்டி விளம்பரம், எளிய தவணையில்.

99 அடிக்கும்போதெல்லாம்
வாய் தானாக முணுமுணுக்கிறது:
இனந்தெரியாதோர்.
எங்கள் ஊர்ப் பத்திரிகை தினமும் அச்சிட்ட சொல்.
ஏழு வயதில் அதை ஓர் ஆளின் பெயரென்றே நினைத்திருந்தேன்.
தபால் அதிபரைச் சுட்டவர் அவர்.
சங்கக்கடை மனேஜரைச் சுட்டவரும் அவரே.
இவ்வளவு வேலை செய்கிறவர்
எப்போது சாப்பிடுவார் என்று சித்தப்பாவைக் கேட்டேன்.
சித்தப்பா எழுந்துபோய்
கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

பழைய இலக்கணக்காரரும் இந்த வேலைதான் பார்த்தார்கள்.
நிரை கவர்ந்தால் வெட்சி. மீட்டால் கரந்தை.
மதிலை வளைத்தால் உழிஞை.
கொல்ல வந்தவன் பூச்சூடி வந்தான்.
குறியிடுவது எளிதாயிருந்தது.

"என்ன அது, ஓயாமல் சொல்கிறாயே?" என்றாள் நொக்வாசி.
இனம் இன்னதென்று அறியப்படாதவர், என்றேன்.
சிரித்ததில் தேநீர் சிந்தியது.
"இங்கே முதலில் தெரிவதே அதுதானே.
குலப்பெயரைக் கேட்டுவிட்டுத்தான் கதவை உடைத்தார்கள்."

பிறகு, திரையில் நிரை 2316-ஐ
நகத்தால் தொட்டுக் காட்டினாள்.
"இந்த வீடு எங்கள் தெரு.
கூரைக்குத் தீ வைத்தவன் இப்போது
தேவாலயத்தில் அடிக்குரல் பாடுகிறான்.
என் அம்மாவின் பெட்டியை
முன்பக்கம் தூக்கியவன் அவன்தான்."

அப்படியானால் என்ன இட்டாய்?

"மூலத்தில் இல்லாததை இடக்கூடாது.
கையேடு, பக்கம் ஆறு."

விளக்குப் போயிற்று.
கூரைமேல் ஹடிடாப் பறவைகள்
யாரையோ கையும் களவுமாகப் பிடித்தாற்போல் கத்தின.
இருட்டில் இரண்டு பேரும் கோப்பையைத் தேடினோம்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் ஸ்வானெபூல்
உடன்பாட்டு அட்டவணையோடு வந்தார்.
ஆயுதம், எண்பத்து மூன்று சதவீதம்.
நோக்கம் படுமோசம், ஐம்பத்து நான்கு;
நான் பயங்கரவாதம் என்ற இடங்களில்
அவள் போராட்டம் என்றிருக்கிறாள்,
சில இடங்களில் மாறியும்.
ஆனால் பத்தொன்பதாம் நிரல், நூற்றுக்கு நூறு.
"இருபது வருடத்தில் இப்படி ஓர் ஒற்றுமையைப் பார்த்ததில்லை."
நாங்கள் பிஸ்கட் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு
வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தின் தரவில்
எங்கள் ஊரைத் தேடினேன்.
இருந்தது. ஒரே ஒரு நிரை.
ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து பிழை.
நாள், ஒன்று பிந்தி.
இறந்தோர் 1. அரச ஊழியர், அஞ்சல்.
செய்தவர் 99.

எனக்கு இனமும் தெரியும்.
முறை வைத்துத்தான் கூப்பிடுவோம்.

திருத்தம் அனுப்ப முகவரி தந்திருந்தார்கள்.
ஊர்ப்பெயரைத் திருத்தினேன்.
நாளைத் திருத்தினேன்.
தங்கள் உண்மையுள்ள, என்று முடித்து
அனுப்பினேன்.