கீழே போன வள்ளம்

காற்று எச்சரிக்கை வாரம். தொண்டி
மீன்துறை அலுவலகத்தில் எனக்கு இரவுப் பணி.
இரண்டு பத்துக்குத் தொலைபேசி,
மோர்ப்பண்ணையிலிருந்து பூமயில்:
"அவுக வள்ளம் கீழ போயிருச்சு சார்,
இன்னும் காணோம்."

பேரேட்டில் எழுதினேன்:
வள்ளம் மூழ்கியது. ஆட்கள் மூவர்.
கடலோரக் காவலுக்குச் சொன்னேன்,
மண்டபத்துக்குச் சொன்னேன்,
தூக்கம் கலைந்த தாசில்தாருக்கும் சொன்னேன்.

நான் குன்னூர்க்காரன்.
எங்களுக்குக் கீழே என்றால் மேட்டுப்பாளையம்.
பேருந்து இறங்க இறங்கக் காது அடைக்கும்,
ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணிப்போம்.
கடலில் கீழே என்றால்
வேறென்ன இருக்கிறது?

மூன்றரைக்கு மறுபடி அவள்தான்.
"முங்குச்சுன்னு ஆரு சொன்னா?
கீழன்னா கீழ சார், பொழுது கிளம்புற பக்கம்.
மேல ரோடுல்ல இருக்கு,
வள்ளம் ரோட்டுலயா போகும்?"
அவளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.
அழுதுகொண்டிருந்தவர்களில் ஒருவராக இருக்கலாம்.

ரிசீவரை வைத்துவிட்டு
சுவரிலிருந்த மாவட்டப் படத்தின் முன் நின்றேன்.
கிழக்கு.
முப்பத்தொரு வருடமாகச் சொல்லிவரும் சொல்.
பிரித்தால் உள்ளே கீழ்.
மேற்குக்குள் மேல்.
திசைக்குப் பெயர் வைத்த அன்று
யாரோ சரிந்த தரையில் நின்றிருக்கிறான்.
மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியதோ
அந்தப் பக்கம் கீழ்.
சூரியனை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் கடல் மேற்கே கிடக்கிறது.
அங்கேயும் கிழக்கைக் கிழக்கு என்கிறார்கள்.
மூச்சு வாங்க ஏறிப்போகும் திசைக்கு
இறக்கத்தின் பெயர்.

இந்தக் கட்டடத்தின் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள்.
துறை. படகு வந்து ஒட்டும் இடம்,
துணி துவைக்கக் கல் போட்ட இடம்.
நிதித்துறையில் எந்தப் படகு ஒட்டியது?
காவல்துறையில் யார் குளித்தார்கள்?
சம்பளச் சீட்டில் மாதாமாதம் பார்த்தும்
அந்த ஈரம் என் விரலில் பட்டதில்லை.

மோர்ப்பண்ணைக்கு ஒருமுறை போயிருக்கிறேன்.
மோரும் இல்லை, பண்ணையும் இல்லை,
மணலில் சங்காயம் காய்ந்தது.
பெயர் எப்படி வந்தது என்று கேட்டதற்கு
மூன்று பேர் நான்கு கதை சொன்னார்கள்.

பேரேட்டை அப்போது திருத்தவில்லை.
வள்ளம் இன்னும் வரவில்லையே.

ஆறரைக்கு நம்புராசு நேரே அலுவலகத்துக்கு வந்தான்,
கைலியில் செதில்,
பையில் இரண்டு நண்டு அசைந்துகொண்டிருந்தன.
இஞ்சினில் தண்ணீர் ஏறிவிட்டதாம்,
துடுப்புப் போட்டே வந்தார்களாம்.
பேரேட்டைக் காட்டச் சொன்னான்.
தன் பெயரை விரலால் தேடி
எதிரே இருந்த சொல்லை எழுத்துக்கூட்டினான்.
மூ. ழ். கி. ய. து.

"நாலு மணி நேரம் செத்துக் கெடந்திருக்கேன்,"
என்றான், யாரிடமும் இல்லாமல்.

சிவப்பு மையால் அடித்து, மேலே எழுதினேன்:
கிழக்கே சென்றது.
எழுதிய பிறகும் பேனா நகரவில்லை.
அந்தச் சொல்லிலும் அவன்
கொஞ்சம் கீழேதான் இருந்தான்.