பௌர்ணமி நண்டு

பௌர்ணமியில் நண்டுக்குச் சதை இருக்காது.
நிலா வெளிச்சத்தில் இரை தேடப் பயந்து
பட்டினி கிடக்குமாம்.
வேலையும் குறைவு,
மதியமே கையுறையைக் கழற்றச் சொல்லிவிடுவார்கள்.
நண்டு விரதமும் எங்கள் விரதமும்
ஒரே நாளில்தான்.

மண்டபத்தில் எங்கள் விகாரை என்பது
ஐஸ் பிளான்ட்டுக்குப் பின்னால்
மாதம் தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஓர் அறை.
ஐஸ் மூடிய உமியின் வாசம் இன்னும் போகவில்லை.
மொத்தம் பதினோரு பேர்.
சீலம் தொடங்கிவைக்கிற வீரபுத்திரன்
விசைப்படகு மெக்கானிக்,
கைகூப்பினால் நகக்கண் எல்லாம் கிரீஸ்.
புத்தர் நாக்பூரிலிருந்து ரயிலில் வந்தவர்.
வழியில் உடைந்த காதை
எம்-சீல் வைத்து ஒட்டியிருக்கிறோம்.

முதல் சீலம், உயிர்க்கொலை தவிர்த்தல்.
அதைச் சொல்லும்போது மட்டும்
குரல்கள் கொஞ்சம் இறங்கும்.
பாதிப் பேர் வீட்டில் வலை காய்கிறது.
நானாவது தப்பித்துக்கொள்வேன்:
நான் கொல்வதில்லை,
வெந்து வந்ததை உடைக்கிறேன்,
கிலோவுக்கு இவ்வளவு என்று.
வைகாசியில்தான் வாய் நிறையச் சொல்வோம்.
தடைக்காலம்.
அறுபத்தொரு நாள் அரசாங்கமே
எங்களோடு சேர்ந்து சீலம் எடுக்கிறது.

ரூபவதிக்கு என் எதிர் மேசை.
அகதி முகாமிலிருந்து வருகிறவள்.
கொடுக்குச் சதையை முறியாமல் உருவ
அவளைவிட்டால் ஆளில்லை.
"உங்கட கூட்டத்துக்கு ஒருநாள் வரட்டே?"
வந்தாள்.
வாசலிலேயே நின்றாள்.
சிலையைப் பார்த்தாள், பிறகு
சிலைக்கு இடப்பக்கம், வலப்பக்கம்.
"இவருக்கு இஞ்ச காவல் இல்லையே?"

எங்களுக்குப் புரியவில்லை.
செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்:
அவள் ஊர்ச் சந்தியில் ஒருநாள் விடியும்போது
அரசமரத்தடியில் இவர் இருந்தார்.
மறுநாள் முள்கம்பி.
அதற்கடுத்த நாள் துவக்கோடு இரண்டு ஆமி.
மகனைக் கூட்டிக்கொண்டு போனதும்
அந்தச் சந்தி வழியாகத்தான்.

வீரபுத்திரன் வாயெடுத்தார்.
அவர் வேறு புத்தர் என்று சொல்லியிருப்பார்.
நல்லவேளை, இருமல் வந்தது.

தொடங்கினோம்.
பாலியில் ஐந்து, பிறகு தமிழில் ஐந்து.
பாலி எங்களுக்கு ஜெராக்ஸ் தாளில்
தமிழெழுத்தில் வந்த மொழி.
'வேரமணி' என்று வரும் இடத்திலெல்லாம்
வேரையும் மணியையும்தான் நினைத்துக்கொள்வேன்,
மரத்தடியில் புதைந்துபோன ஒரு மணி.
விலகியிருத்தல் என்று அர்த்தமாம்.

"மணி எண்டு வெட்டாதீங்கோ."
வாசலிலிருந்து குரல்.
"மணீ... இழுக்கோணும்."

இழுத்துக் காட்டினாள்.
ஐந்தையும் சொன்னாள், தாளில்லாமல், தட்டாமல்.
எங்கள் தாளிலேயே இல்லாத எதையெதையோ
அதற்கு மேலும் சொன்னாள்.
பதினாறு வருஷம், விடியற்காலை நாலரைக்கு
ஆமி முகாம் ஒலிபெருக்கி
அவள் காதில் ஊற்றியது.
"அர்த்தம் தெரியாது.
காதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அறையில் யாரும் பேசவில்லை.
அதைத் தியானம் என்று சொல்ல முடியாது.
ஐஸ் பிளான்ட் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
சத்துணவில் வேலை பார்க்கிற குணவதிதான்
முதல் சீலத்தின் அர்த்தத்தை
பிள்ளைக்குச் சோறு அள்ளி வைப்பதுபோல
மெதுவாக எடுத்துச் சொன்னாள்.

ரூபவதி கேட்டுக்கொண்டாள்.
"இதையே?" என்றாள்.
"இதையே அவ்வளவு நாளும் போட்டவங்கள்?"

டீ குடித்தாள்.
ஆறு மணிக்கு முகாமில் ஆள் எண்ணுவார்கள்,
போய்விட்டாள்.

அடுத்த பௌர்ணமிக்கு வரவில்லை,
அதற்கடுத்ததற்கும்.
கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.
நாங்கள் இப்போது இழுத்துச் சொல்கிறோம்.
அந்த நீட்டலில் மூச்சு தீர்வதற்குள்
ஒரு பையன் சந்தியைக் கடந்துபோக
நேரம் இருக்கிறது.

மறுநாள் மேசையில் வந்து விழுகிறது
பௌர்ணமி நண்டு.
தூக்கினால் வெறும் ஓடு.
ஒரு கிலோ சேர
மற்ற நாளைவிட
இரண்டு பங்கு உடைக்க வேண்டும்.