பங்காளி

காலையில் நான் அரவமுதனாக இருந்தேன்.
ஹேவ்லாக் சதுக்கத்து நீதிமன்றம், நான்காம் மாடி.
'அவர் சொல்கிறார்' என்று தொடங்கக் கூடாது,
சாட்சி 'நான்' என்றால் நானும் 'நான்'.
மொழிபெயர்ப்பாளருக்கு முதல் நாளே சொல்லித்தரும் விதி.
ஆகவே மாசிலாமணியின் மூத்த மகன் நான்,
சேலை கட்டிய மூத்த மகன்.
பாண்டான் லூப்பில்
கப்பல்களுக்கு அரிசியும் கயிறும் உறைந்த கோழியும்
ஏற்றிவிடும் கம்பெனி என்னுடையது,
பதினொன்றே கால் வரை.

பிறகு திருமேனி. இளையவர்.
குரல் மெல்லியது, கோப்பு கனமானது.
'அண்ணன் தொண்ணூற்று நான்கில்
மூன்று மாதம் மனநல மருத்துவமனையில் இருந்தார்.
சான்றிதழ் இணைத்திருக்கிறேன்.'
சொன்னது என் வாய்.
சற்றுமுன் அண்ணனாக இருந்த வாய்.

மதியம் ஹாங் லிம் அங்காடி.
கோப்பி ஓ, மீ கோரெங்,
நூலகத்துப் புத்தகம், எண்பத்து மூன்றாம் பக்கம்.
அயர்லாந்து. மழை, மாடுகள், மறுபடி மழை.
கஹல் மகன் ஃபெர்கல்.

அங்கே மூத்தவன் என்பதற்காக முடி கிடையாது.
கொள்ளுத்தாத்தா ஒருவரென்றால் போதும்,
அத்தனை ஆண்களும் வரிசையில் நிற்கலாம்.
அரசன் உயிரோடிருக்கும்போதே
அடுத்தவனைக் கூடித் தேர்ந்தெடுப்பார்கள்.
நியாயமான ஏற்பாடுதான்.
வரிசை எவ்வளவு நீளமோ
அவ்வளவு பேர் இரவில் தூங்குவதில்லை.

அந்த வரிசைக்கு அவர்கள் மொழியில் ஒரு பெயர் உண்டு,
என் நாக்கில் நிற்கவில்லை.
தமிழில் உடனே வந்தது: தாயாதி.

ஃபெர்கலைத்தான் தேர்ந்தார்கள்.
குன்றின் மேல் பாதம் செதுக்கிய கல்,
அதில் அவன் கால் பொருந்தியும் பார்த்தாயிற்று.
அறுவடைக்கு முந்தின இரவு
சித்தப்பா மகன் ஆட்களோடு வந்தான்.
கொல்லவில்லை. சொந்த இரத்தம், பாவம் அல்லவா.
காய்ச்சிய ஊசி, இரண்டு கண்ணுக்கும் ஒன்றே.
ஊனமுள்ளவன் அந்தக் கல்லில் ஏற முடியாது.
பிறகு ஒரு மடத்தில் நல்ல படுக்கை,
தினமும் பால்.
மீ கோரெங் ஆறிப்போயிருந்தது.

இரண்டு மணிக்குக் கோதண்டம், சித்தப்பா மகன்.
'பெரியப்பா எனக்குத்தான் வாக்குக் கொடுத்தார்.
கம்பெனி சாப்பு என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.'
பன்னிரண்டு ஆண்டு இழுப்பறையைக் காத்தவன் நான்,
முக்கால் மணி நேரம்.

மூன்றரைக்கு அரவமுதனை மறுபடி கூப்பிட்டார்கள்.
மருந்து இன்னும் சாப்பிடுகிறீர்களா?
அவர் வக்கீலைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார்.
'பங்காளிடா நீ.
கண்ணைக் கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனே.'

நீதிபதி பேனாவை நிறுத்திக் காத்திருந்தார்.
பங்காளி.
ஒரே இலையில் சோறு பிசைந்தவன்.
என் சாவுக்குத் தீட்டுக் காப்பவன்.
நான் செத்தால் கூடுதலாகக் கிடைக்கப்போகிறவன்.
இது எல்லாவற்றுக்கும் ஒரு சொல், ஆங்கிலத்தில்,
மூன்று வினாடிக்குள்.

'பார்ட்னர்' என்றேன்.
பதிவாயிற்று.

திருமேனிக்கு இரண்டு மொழியும் தெரியும்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அன்றைக்கு முதல்முறையாக.
திருத்தவில்லை.
கண்ணைப் பற்றிய வரியை
நான் சொல்லி முடிக்கும்போது
கோப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே மழை.
மூவருக்கும் மூன்று டாக்சி.
ஜூரோங் போகும் ரயிலில் நின்றபடியே
எண்பத்தெட்டாம் பக்கம் வரை வந்தேன்.
ஃபெர்கல் இன்னும் முப்பது ஆண்டு இருந்தானாம்.
அதற்குள் அந்தக் கல்லில் ஐந்து பேர் ஏறி,
ஐந்து பேரும் இறக்கப்பட்டார்கள்.
ஒவ்வொருவன் ஏறும்போதும்
மடத்துக்கு ஆள் போய்ப் பார்த்துவிட்டு வரும்:
இன்னும் குருடுதானா என்று.

புத்தகத்தை வியாழக்கிழமை திருப்ப வேண்டும்.
வழக்கு வெள்ளிக்குத் தள்ளியிருக்கிறது.
அன்று நான் யார் என்று
இன்னும் பட்டியல் வரவில்லை.