முதல் சீட்டு

எங்கள் லீக்கில் ஒரு விதி:
போன வருடம் கடைசியாய் வந்த அணிதான்
இந்த வருடம் முதலில் ஆள் எடுக்கும்.
பதினோரு வருடத்தில் ஏழு முறை
முதல் சீட்டு எங்களுக்கு.
இதை வெளியில் எப்படிச் சொல்வது என்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஏழு முறையும் தடுப்பாட்டக்காரன்தான்.
'வீட்டுக்கு மொதல்ல கதவு வேணும்ல' என்பார்
செயலாளர் மாயழகு.
அரசரடி டீக்கடை மாடியில்
பஜ்ஜி எண்ணெய் ஊறிய தாளில்
பெயரெழுதி மடித்துக் கொடுப்பார்.

நான் கோல்கீப்பர்.
அவர்கள் முகத்தைவிட
முதுகுதான் எனக்கு மனப்பாடம்.

ஒச்சுக்காளை, கருமாத்தூர்.
லாரியின் பின்பக்கம் மாதிரி முதுகு,
ஒலி எழுப்பவும் என்று எழுதாததுதான் பாக்கி.
மூன்றாவது ஆட்டத்தில் முழங்காலில் ஒரு சத்தம்.
எனக்குக் கேட்டது, ரெஃப்ரிக்குக் கேட்கவில்லை.
இப்போது பெரியார் நிலையத்தில் ஷேர் ஆட்டோ,
பிரேக்கை இடது காலால் மிதிக்கிறான்.
ஒருநாள் ஏறினேன். காசு வாங்க மறுத்துவிட்டான்.

துளசிராம், கிருஷ்ணாபுரம் காலனி.
பந்தைப் பறித்ததும் 'ஸாரிங்க' என்பான்.
போகப் போக
பறிப்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கிவிட்டான்.

ஜபருல்லா, காஜிமார் தெரு.
நோன்பு மாதத்து அரையிறுதி,
உதடு வெடித்த வெயில்.
பாட்டில் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
தொண்ணூறு நிமிடமும் ஓடினான்.
அன்று என் கையுறை
மண் படாமல் வீடு திரும்பியது.
ஒரே வருடம். பிறகு தோஹா, ஏசி மெக்கானிக்.
பெருநாளுக்குப் பெருநாள் குரல் அனுப்புவான்:
'கோலு, இன்னும் நீதான் நிக்கிறியா?'

நான்காமவன் பெயர் வரவில்லை.
இடது தோளில் தழும்பு, கொப்புளம் ஆறிய மாதிரி.
ஐந்தாமவன் சர்க்கார் பரீட்சை பாஸாகித்
திருவாரூர் பக்கம் போனான்.

ஆறாவது, ஸ்தனிஸ்லாஸ்.
அவன் பெயரை மாயழகு மடித்தபோது
வலையங்குளத்து வீரமலை
இதே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.
'காத்தடிச்சா விழுந்துருவான்' என்றோம்.
அடுத்த சீட்டுக்காரன் எடுத்தான்.
அந்த வருடம் வீரமலை எனக்குப் போட்டது ஐந்து கோல்.
ஐந்தாவது, ஸ்தனிஸ்லாஸ் காலிடுக்கில் புகுந்து
என் காலிடுக்கிலும் புகுந்தது.

இன்றும் ரயில்வே மைதானத்தில் கூப்பிடுவார்கள்:
'வீரமலைய விட்டவய்ங்க.'
ஸ்தனிஸ்லாஸுக்கும் அது கேட்கும்.
ஆனால் அந்த ஐந்து முறையும்
வலைக்குள் கிடந்த பந்தை
என்னைக் குனியவிடாமல் அவனே எடுத்து
நடுக்கோடு வரை நடந்துபோய்
வைத்துவிட்டுத் திரும்பினான்.
இதை யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

ஏழாமவன் முன்பணம் வாங்கியதோடு சரி.
அவன் முதுகைக்கூட நான் பார்த்ததில்லை.

தப்பாகத்தான் எடுத்தோமா?
பின்னால் நின்று பார்த்தவன் சொல்கிறேன்,
பந்து வரும்வரை
எல்லா முதுகும் நேராகத்தான் நின்றன.

நான் பதினான்காம் சுற்று.
தாள் தீர்ந்துபோய்
சிகரெட் அட்டையில் எழுதிய பெயர்.

இன்று மறுபடி முதல் சீட்டு.
'கதவெல்லாம் போதும்ப்பா' என்கிறார்கள் பையன்கள்.
போன மாதம் பதினாறு கோல் அடித்த மேலூர்க்காரன்
படிக்கட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.
மாயழகு யார் பக்கமும் பார்க்காமல்
பேனாவை என்னிடம் நீட்டுகிறார்.
இத்தனை வருடத்தில் முதல் தடவை.

மேலூர்க்காரனுக்கு இரண்டு படி கீழே
குனிந்து ஷூ கயிறு கட்டுகிறான் ஒருவன்.
முகம் தெரியவில்லை.
சட்டை வியர்த்து ஒட்டிய
அகலமான முதுகு.

பேனா மூடியைக் கழற்றுகிறேன்.
'தம்பி, உன் பேரு என்ன?'