ஓரத்துப் பையன்

எழுபத்தொன்பது டிசம்பர், மெர்பேங்க்.
எண்ணெய் ஆலைப் புகை ஜன்னலில் அப்பிக்கிடக்க
முனியன் மாமா வீட்டு டிவியில் பனி கொட்டியது.
பதினேழு பேர் பார்த்தோம், வேர்த்து வழிந்தபடி.

பொம்மைப் பிள்ளைகள் ஆப்பிரிக்கான்ஸ் பேசினார்கள்.
பாதி புரியாது.
எல்லாருக்கும் ஒரு பெயர், எல்லாருக்கும் கம்பளித் தொப்பி.
ஓரத்தில் ஒருத்தன் மட்டும் எங்கள் நிறம்.
மணி அடிப்பான், தலையாட்டுவான்.
விருந்து மேசையில் அவனுக்குப் பக்கத்து நாற்காலி காலி.

"ஊமையா?" என்றாள் கோகிலவாணி.
"வசனம் தீர்ந்துபோச்சு" என்றான் பிரகாசன்.

அப்புறம் அந்தப் பையன் வரும்போதெல்லாம்
பிரகாசன்தான் பேசினான்:
"யாராச்சும் ஃபேனைப் போடுங்கடா."
"கேக்குக்குத் தொட்டுக்க ஊறுகா இல்லியா?"
"நான் எந்த பஸ்ஸுல வீட்டுக்குப் போறது?"

கடைசிக் கேள்விக்கு மட்டும்
பெரியவர்கள் சிரிக்கவில்லை.
மாமா எழுந்துபோய் ஆன்டெனாவைத் திருப்பினார்,
படம் தெளிவாகத்தான் இருந்தது.

வருஷா வருஷம் அதே படம், அதே குரல்.

இப்போது பெர்த்தில் கணக்குப் பார்க்கிறான் பிரகாசன்.
போனில் கேட்டேன்.
"நானா? அப்படியா சொன்னேன்?"

நேற்று ராத்திரி மகளோடு அதைத் திரும்பப் பார்த்தேன்.
பனி. மேசை. ஓரத்துப் பையன்.
"அவன் ஒண்ணும் சொல்லலியே,
ஏம்மா சிரிக்கிறே?"

கொஞ்ச நேரம் கழித்து,
தெருமுனையில் அவன் தனியாக நிற்கும் இடத்தில்:
"இப்ப ஏன் நிறுத்திட்டே?"