மூன்றாவது கியர்

முதலில் பார்த்த ஈச்சர் நல்ல வண்டிதான்.
ஆனால் ஸ்டார்ட் பண்ணினால் பர்கூர் வரைக்கும் கேட்கும்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
ஒருத்தன் வாசலில் போய் நின்று
அவன் டிராக்டரை ஏற்றிக்கொண்டு வர
இந்தத் தொண்டை ஆகாது.

அடுத்தது லேலண்ட். மஞ்சள்.
கதவில் ஒரு புலி.
பெயின்ட் அடிச்சு மறைச்சிடலாம் என்றான் சென்றாயன்.
மறைத்த இடத்தில் புலி இருந்ததை
ஊரே சொல்லும் என்றேன்.
எங்களுக்கு வேண்டியது
பார்த்தவன் மறுநிமிஷம் மறந்துபோகிற வண்டி.

ராயக்கோட்டை ரோட்டில், திம்மராயப்பா யார்டில்,
கிரானைட் தூசிக்குள் வரிசையாக நிற்கின்றன.
ஒவ்வொரு பானட்டையும்
தர்பூசணி மாதிரி தட்டிக் காட்டுகிறார் அவர்.
என் காது வேறு கணக்கில் இருக்கிறது.
தளம் தாழ இருக்கணும்.
ஏர் மாட்டிய டிராக்டர், காற்றிறங்கிய ஆட்டோ,
சாவி கிடைக்காமல் கியரில் நிற்கிற வேன்
(ஒருதரம் கோழிக்கூண்டோடு வந்தது)
எதுவானாலும் முனகாமல் ஏற்றணும்.
வின்ச் கம்பி புதுசாக வேண்டும்;
பழசு அறுந்துதான் மாதேஷுக்குக் கால் போனது.
தொப்பூர் இறக்கத்தில் பாரத்தோடு
சொன்ன இடத்தில் நிற்கணும்.
ரிவர்ஸில் பாட்டுப் பாடக் கூடாது.
பாடினால் முதலில் நாய் எழும்,
அப்புறம் பெண்கள்.
அந்த வீட்டு ஆம்பளை மட்டும்
எப்போதும் ஏற்கெனவே விழித்துத்தான் இருக்கிறான்.

மூன்றாவது, மூலையில், ஒரு டாடா.
நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லை.
டோல்கேட் வரை ஓட்டிப் பார்த்தேன்.
இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது
என் இடது கால் தானாக
இரண்டு தரம் மிதித்தது.
வெண்ணெய் மாதிரி விழுந்தது கியர்.

'இந்த வண்டிய முன்னாடி ஓட்டியிருக்கீங்களா சார்?'
பக்கத்தில் இருந்த யார்டு பையன் கேட்டான்.
இல்லை என்றேன்.

சிங்காரப்பேட்டைக்கு உள்ளே, ஒரு மார்கழி.
நாலு டியூ பாக்கி.
பச்சையப்பன் என்று கையெழுத்துப் போட்டார்.
கத்தவில்லை, காலில் விழவில்லை.
சாமி படத்தைக் கழற்றினார்.
ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டார்:
'இது லோன்ல வாங்கல.'
சாவி என் கைக்கு வந்த பிறகும்
ஜன்னலை விடாமல் நின்றார்.
'மூணாவது கொஞ்சம் அடம் பிடிக்கும்.
ரெண்டு தரம் மிதிச்சு மாத்துங்க.
அடிச்சுப் போட்டுடாதீங்க.'
அறுபது கிலோமீட்டர்.
அவர் சொன்னபடியே ஓட்டிக்கொண்டு வந்தேன்.
ஏன் என்று தெரியவில்லை,
அடித்துப் போட்டிருந்தாலும்
கேட்க ஆளில்லை.

யார்டுக்குத் திரும்பியதும்
'மூணாவது கியர் சரியில்ல' என்றேன்.
திம்மராயப்பா பதினைந்தாயிரம் குறைத்தார்.
சென்றாயன் எலுமிச்சம்பழம் வாங்க ஓடினான்.

ஃபைனான்ஸும் அதே ஃபைனான்ஸ்தான்.
நாற்பத்தெட்டு மாதம்.
'நீங்க கட்டலைன்னா நாங்க யாரை அனுப்புறது?'
மேனேஜர் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
ஜாமீன் கட்டத்தில் சென்றாயன்
நாக்கைக் கடித்துக்கொண்டு
நிறுத்தி நிறுத்திப் பெயரெழுதினான்.

ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது?
வாசலில் வேண்டாம்.
செங்கல் சூளைக்குப் பின்னால், தெரியும்.
கரும்புக்கு நடுவில், தெரியும்.
சந்தூர் மாந்தோப்பில் தார்ப்பாய் போட்டு
மேலே வைக்கோலைப் பரப்பி வைப்பார்கள்,
அதுவும் தெரியும்.
சீசன் முடிந்த கூழ் ஃபேக்டரி ஷெட்,
மச்சினன் ஊர்,
டயரைக் கழற்றிக் கல்லில் நிறுத்திய பட்டி.
எல்லா இடத்திலிருந்தும் நான்
எடுத்து வந்திருக்கிறேன்.
எனக்கே தெரியாத ஓர் இடத்தை
இந்தக் கிருஷ்ணகிரியில் தேடிக்கொண்டு
படுத்திருக்கிறேன்.

முதல் டியூவுக்கே இன்னும்
இருபத்தாறு நாள் இருக்கிறது.